இளையோர் மகளிர் ஹாக்கி உலகக் கோப்பை: ஒரு வரலாற்றுப் பார்வை

2025-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் ஊரிலிருந்து வந்த ஃபோன் எல்லாம் ஹாக்கிப் பேச்சாகவே இருந்தது. சென்னையிலும் மதுரையிலும் ஆண்களுக்கான இளையோர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. இந்தியா அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் வாங்கியது. நம் சங்கத்து நண்பர்களும் பார்த்து மகிழ்ந்தோம். அதே நாட்களில் பூமியின் மறுபக்கம், சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில், நம் நாட்டுப் பெண் பிள்ளைகளும் ஓர் உலகக் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு ஃபோன்கூட வரவில்லை. உள்ளதைச் சொன்னால், நானும் யாரிடமும் பேசவில்லை. ஹாக்கிக்குப் பேர்போன ஜார்க்கண்டில் பிழைக்க வந்து, இந்த மண்ணின் உப்பைத் தின்கிற நாம் இந்த வரலாற்றை அறியாமல் இருப்பது முறையல்ல என்று தோன்றியதால் இக்கட்டுரை.

பெண்கள் ஹாக்கி என்பது நேற்று முளைத்த சங்கதி அல்ல. 1927-லேயே பெண்களுக்கென்று தனியாக ஒரு சர்வதேச அமைப்பு இருந்தது. ஆண்களின் அமைப்பு 1924-இல் பாரிஸில் தோன்றியது. இரண்டும் தனித்தனிக் குடித்தனமாக நடந்து, 1982-இல்தான் ஒன்று சேர்ந்தன. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1974-இல் பிரான்ஸ் நாட்டில் மாந்தெல்யூ என்ற ஊரில் நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் நான்காம் இடம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில்தான் பெண்கள் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கும் நான்காம் இடம். ஆக, தொடக்கத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல என்பதை வாசகர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

இளையோருக்கு, அதாவது 21 வயதுக்கு உட்பட்டோருக்கு, உலகக் கோப்பை என்ற யோசனை ஆண்களுக்கு 1979-இல் நிறைவேறியது. பெண்களுக்கு அதற்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1989-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த முதல் போட்டியில் மேற்கு ஜெர்மனி வென்றது. 1993-இல் ஸ்பெயினின் தெராசாவில் அர்ஜென்டினா. 1997-இல் தென் கொரியாவில் நெதர்லாந்து. 2001-இலும் 2005-இலும் தென் கொரியா அடுத்தடுத்து வென்றது. 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மீண்டும் நெதர்லாந்து. இருபது ஆண்டுகளில் ஆறு போட்டிகள். இந்தியப் பெண்களுக்கு ஒரு பதக்கம்கூட இல்லை.

ஏன் இப்படி? பல காரணங்களில் முக்கியமானது தரை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கோடு ஹாக்கி புல் தரையை விட்டுச் செயற்கைத் தரைக்கு மாறியது. புல்லில் கோலின் நளினம் பேசும். செயற்கைத் தரையில் வேகமும் உடல் வலுவும் பேசும். அந்தத் தரை போடப் பெரும்பணம் வேண்டும். ஐரோப்பாவில் சின்ன ஊர் கிளப்புக்கும் அது வந்துவிட்டது. நம் நாட்டில் பெரிய நகரங்களுக்கு வரவே காலம் பிடித்தது. அதிலும் மைதானத்தில் பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் பெண்களுக்கு முறை வரும்.

அந்தக் கணக்கு 2013-இல் மாறியது. ஜெர்மனியின் மொன்ஷென்கிளாட்பாக் நகரில் நடந்த ஏழாவது போட்டி அது. மணிப்பூரின் சுசீலா சானு தலைவி. முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்று அடி. மூட்டை கட்டிவிடுவார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அடுத்து நியூசிலாந்தை 2-0, ரஷ்யாவை 10-1, காலிறுதியில் ஸ்பெயினை 4-2 என்று வென்றார்கள். அரையிறுதியில் நெதர்லாந்திடம் தோல்வி. ஆகஸ்ட் 4-ஆம் தேதி வெண்கலத்துக்கான ஆட்டம் இங்கிலாந்தோடு. 1-1 என்று சமனில் முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது. ஷூட் அவுட் என்றால், 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருத்தி மட்டும் பந்தோடு ஓடி வருவாள். எதிரே கோல் கீப்பர் மட்டும். 8 நொடிக்குள் பந்தை உள்ளே தள்ள வேண்டும். 3-2 என்று இந்தியா வென்றது. அன்று கோல் காத்தவர் நம் ஜார்க்கண்டின் பிகன் சோய். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ராணி ராம்பாலுக்கு.

ராணியின் ஊர் ஹரியானாவின் ஷாஹாபாத் மார்க்கண்டா. அப்பா வண்டி இழுத்துப் பிழைத்தவர். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தினம் அரை லிட்டர் பால் கொண்டு வர வேண்டும் என்பது விதி. வீட்டில் 200 மில்லிக்குத்தான் வழி. யாருக்கும் தெரியாமல் தண்ணீர் கலந்து குடித்ததாக ராணியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பயிற்சியாளர் பல்தேவ் சிங் அந்தச் சின்ன ஊரிலிருந்து பல பெண்களை இந்திய அணிக்கு அனுப்பியவர். ஷூட் அவுட்டில் வெற்றிக் கோலைப் போட்ட நவ்னீத் கௌரும் ஷாஹாபாத்தான்.

வியாபாரத்தில் கொள்முதல் செய்த சரக்கு அன்றைக்கே லாபம் தராது. இதுவும் அப்படித்தான். 2013-இல் வெண்கலம் வாங்கிய ராணி, சுசீலா, வந்தனா கட்டாரியா, தீப் கிரேஸ் எக்கா, நவ்னீத் ஆகியோர் எட்டு ஆண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார்கள். அங்கே ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி அரையிறுதிக்கு வந்து, வெண்கலத்தை 3-4 என்று பிரிட்டனிடம் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார்கள். நாடே கண் கலங்கியது. அந்த அணியின் வேர் ஜெர்மனியில் ஊன்றியது என்பதை எத்தனை பேர் நினைத்தோம்?

அடுத்த வாய்ப்பு தென்னாப்பிரிக்காவின் பொச்செஃப்ஸ்ட்ரூமில். 2021 டிசம்பரில் நடக்க வேண்டியது, ஒமிக்ரான் பரவலால் 2022 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. தலைவி நம் சிம்டேகா மாவட்டத்துச் சலீமா டேடே. அதே மாவட்டத்துச் சங்கீதா குமாரியும் பியூட்டி டுங்டுங்கும் அணியில் இருந்தார்கள். மூங்கில் கழியை வளைத்து ஹாக்கி பழகுகிற மாவட்டம் அது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் சென்ற இந்திய ஒலிம்பிக் அணிக்குத் தலைவரான ஜெய்பால் சிங் முண்டா பிறந்ததும் இந்த மாநிலத்தில்தான். லக்னோவில் காய்கறி விற்கும் குடும்பத்துப் பெண் மும்தாஜ் கான் அந்தத் தொடரில் 8 கோல் போட்டார். ஜெர்மனியையே 2-1 என்று வென்றார்கள். வெண்கல ஆட்டத்தில் மீண்டும் இங்கிலாந்து. 60 நிமிட ஆட்டத்தில் 58-ஆம் நிமிடம் வரை இந்தியா 2-1 என்று முன்னிலை. கடைசி இரண்டே நிமிடம் பாக்கி இருக்கும்போது சமன் ஆனது. ஷூட் அவுட்டில் 0-3. பதக்கம் கைநழுவியது. ஆனாலும் சலீமா 2024-இல் இந்தியாவின் முதன்மை அணிக்கே தலைவி ஆனார்.

பிறகு சாண்டியாகோவில் 2023-இல் ஒன்பதாம் இடம், முதன்முறையாக 24 அணிகள் ஆடிய 2025-இல் பத்தாம் இடம். இதுவரை நடந்த 11 போட்டிகளில் ஆறில் நெதர்லாந்துதான் சாம்பியன். அங்கே பெண் பிள்ளைகள் கிளப்பில் ஆடுவது வீட்டு வழக்கம். இங்கே அது வீட்டோடு ஒரு போராட்டம். 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த தகுதிப் போட்டியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று, நம் பெண்கள் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார்கள். அன்று வருந்தியவர்கள் நம்மில் பலர் உண்டு.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். என் சின்ன மகள் பள்ளியில் ஹாக்கி ஆடினாள். ஒரு முறை பயிற்சி முகாமுக்குப் பெற்றோர் கையெழுத்து கேட்டு ஒரு தாளைக் கடைக்கே கொண்டுவந்து நீட்டினாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, முதலில் அதைப் பாரம்மா என்றேன். அந்தத் தாள் கணக்குப் பேரேட்டுக்குள்ளேயே கொஞ்ச நாள் கிடந்தது. அவளும் மறுபடி கேட்கவில்லை. நல்ல மார்க் வாங்கினாள், இன்றும் நல்லாத்தான் இருக்கிறாள். அவள் உலகக் கோப்பை ஆடியிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பால் வாங்க வழியில்லாத வீட்டில் ஒரு வண்டிக்காரர் மகளை மைதானத்துக்கு அனுப்பினார். கடையும் வசதியும் இருந்த நான் அனுப்பவில்லை.

இளையோர் உலகக் கோப்பையின் வயது எது என்று பாருங்கள். பதினாறிலிருந்து இருபது. நாம் டியூஷன், நுழைவுத் தேர்வு, வெயிலில் போகாதே என்று பெண் பிள்ளையை உட்கார வைக்கும் வயதும் அதுவேதான். நம் சங்க விளையாட்டு விழாவில் பையன்களுக்குக் கிரிக்கெட், பெண்களுக்கு மியூசிக்கல் சேர் என்று எத்தனை வருடம் நடத்திவிட்டோம். அடுத்த விழாவிலாவது நம் பெண் குழந்தைகள் கையில் ஹாக்கிக் கோலைக் கொடுத்துப் பார்ப்போம். யார் வீட்டுப் பெண்ணாவது கையெழுத்துக்குத் தாள் நீட்டினால், தயவுசெய்து உடனே போட்டுக் கொடுங்கள்.