வணிகனுக்குச் சாட்சி

கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகும் ஏலமும் மணக்கும் யூதர் தெருவின் கோடியில், 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி ஜெபாலயம் நிற்கிறது. அங்கே வழிவழியாகப் போற்றப்பட்டு வந்த செல்வங்களுள் ஒன்று, சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய செப்பேடு. கி.பி. 1000-ஐ ஒட்டி, முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் மன்னன் அளித்தான். வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனத்தின் மொழி, அக்காலத் தமிழுக்கு மிக அணுக்கமானது. மன்னனே வழங்கிய கொடையாயினும், வேணாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் அதற்குச் சாட்சி நிற்கின்றனர்.

இதற்கும் முந்தையது, 849-இல் வேணாட்டு ஐயனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடு. அதில் அயல்நாட்டார் பலர் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்திட்டுள்ளனர். கடல் கடந்து வந்தவனுக்குச் சுற்றமும் இல்லை. ஊரார் அறிந்த குலப்பெயரும் இல்லை. அவனைப் பற்றிப் பிறர் சொல்லும் சொல்லே அவனுக்கு முதற்பொருள்.

இச்சொல் எவ்வாறு வாணிகத்தை நடத்தியது என்பதை, கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா ஜெபாலயத்துச் சேமிப்பறையிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் கைக்கு எட்டிய பழங்கடிதங்கள் விளக்குகின்றன. துனீசிய நாட்டினரான ஆபிரகாம் பென் ஈஜு என்ற வணிகர், 1132 முதல் 1149 வரையில் பெரும்பாலும் மங்களூர்ப் பகுதியில் வாழ்ந்து, மிளகு, ஏலம், பாக்கு முதலியவற்றை ஏடனுக்கு அனுப்பி வந்தார். ஒருமுறை உள்ளூர்த் தரகர் ஒருவர் முன்பணம் பெற்றுக்கொண்டு ஏலத்தை அனுப்பத் தவறினார். கடலுக்கு அப்பாலிருந்து வழக்காட வழியேது? ஏடன் வணிகர் பென் ஈஜுவுக்கு ஒரு யோசனை எழுதினார்: கொடுத்த வாக்கைக் காவாதவரைக் கண்டித்து நாங்கள் இங்கிருந்து கடிதம் விடுப்போம் என்று அத்தரகரை அச்சுறுத்திப் பாரும் என்பதே அது. வாளும் வழக்குமன்றமும் எட்டாத இடத்தில் எழுத்து எட்டியது.

இக்கடிதம் நமக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. மனக்குறை உடையவன் தானே எழுதுகோலை எடுப்பான். மனநிறைவு பெற்றவனோ பெரும்பாலும் பேசாது போய்விடுவான். நூறு பேருக்கு நன்றாகச் செய்த தொழில், குறைகண்ட இருவரின் சொல்லாலேயே அளக்கப்பட்டால், அது நியாயமன்று. ஆகவே நிறைவு கண்டவரைப் பேசச் செய்வது சிறு வணிகனின் கடமைகளுள் ஒன்றாகிறது.

கொச்சிக் கோட்டைப் பகுதியில் 'வெளி' என்னும் இடத்தில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் எனக் கருதப்படும் சலவைத் தொழிலாளரின் வழியினர் இன்றும் துணி வெளுக்கின்றனர். மொழி வேறான ஊரில் அத்தொழில் தலைமுறைகளைக் கடந்து நிலைத்ததெனில், அதில் உழைப்புக்கு உள்ள பங்கைப் போலவே, ஒரு வீட்டார் மறுவீட்டாரிடம் சொன்ன நற்சொல்லுக்கும் பங்கு உண்டன்றோ?

அந்நற்சொல் இன்று கைப்பேசித் திரையில் எழுதப்படுகிறது. அயலூரில் சிற்றுண்டிச்சாலையோ தையற்கடையோ நடத்தும் நம்மவர், வேலை நிறைவுற்ற அப்பொழுதே, "தங்கள் கருத்தை இரண்டு வரி எழுதுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்பதில் இழுக்கொன்றும் இல்லை. குறை எழுதியவருக்கும் பொறுமையோடு மறுமொழி தருதல் வேண்டும். அதனைப் படிப்போர் குறையை மட்டுமன்றி, கடைக்காரரின் பண்பையும் காண்பர்.

ஆனால் சாட்சியை விலைக்கு வாங்குதல் ஆகாது. வாடிக்கையாளர் கருத்துரைகள் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் வகுத்த ஐ.எஸ். 19000 என்னும் நெறியும், பணம் கொடுத்துப் பெற்ற கருத்துரைகளை விலக்குகிறது. செப்பேட்டுச் சாட்சிகள் தத்தம் பெயரோடு நின்றதனால் அன்றோ, ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவர்தம் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது!