சுருதிமான்: ஒரு குடிப்பெயரின் ஆயிரம் ஆண்டுத் தடம்

சிறு குடிகள் ஆவணங்களில் தாமாக இடம்பெறுவதில்லை. வரி, போர், வழக்கு, கணக்கெடுப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவற்றைத் தொடும்போதுதான் அவற்றின் பெயர் கல்லிலோ ஓலையிலோ தாளிலோ ஏறுகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அளித்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகளில் ஈழச்சேரி, கம்மாணச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி என்ற குடியிருப்புகள் காணப்படுவதற்குக் காரணம், அந்நிலங்களுக்கு வரி விலக்கப்பட்டிருந்ததே அன்றி அங்கு வாழ்ந்தோரைப் பற்றிய அக்கறை அன்று. கள்ளிறக்கும் ஈழவர் சோழநாட்டில் எத்தகைய வாழ்க்கை வாழ்ந்தனர், பின்னர் எந்தக் குடிகளோடு கலந்தனர் என்பவற்றை அறிய அப்பட்டியல் உதவுவதில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பெரம்பலூர், அரியலூர் நிலப்பகுதியில் வழங்கும் சுருதிமான் என்ற பெயரோ இதற்கு மாறானது. அதைத் தாங்கியவர்கள் தம்மைப் பற்றித் தாமே கல்லில் பேசியிருக்கிறார்கள் என்பது அதன் தனிச்சிறப்பு.

இப்பகுதியின் பழைய ஆவணங்களைத் தேடுவோர் முதலில் கடக்க வேண்டியது நிர்வாக எல்லைகளை. பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிக்கப்பட்டு, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. ஆகவே 1995-க்கு முந்தைய அறிக்கைகளில் இவ்வூர்களைத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கீழேயே தேட வேண்டும். இக்கட்டுரையின் மையமான ஊட்டத்தூர் இன்று பெரம்பலூர் எல்லையை ஒட்டித் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள்ளேயே அமைந்துள்ளது. அவ்வூரின் பெயரை வரலாற்றாசிரியர்களைவிட நிலவியலாளர்களே நன்கு அறிவர் என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். கடல் உயிரினப் புதைபடிவங்களுக்குப் பெயர்பெற்ற இப்பகுதியின் பாறை அடுக்குகளுள் மிகப் பழையதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே அவ்வூரின் பெயர் இடப்பட்டுவிட்டது.

ஊட்டத்தூர்க் கோயில் கல்வெட்டுகள் 1912-இல் படியெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று முதலாம் இராசேந்திரன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனின் யானையைக் குத்துமாறு இராசராசன் இட்ட ஆணையை நிறைவேற்ற முனைந்து உயிர்நீத்த சுருதிமான் நக்கன் சந்திரன் என்ற இராசமல்ல முத்தரையன் என்னும் வீரனை அது குறிப்பிடுகிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் தனிமனிதன் ஒருவனின் பெயருக்கு முன்னொட்டாக, போர்த்தொழிலோடு தொடர்புடையதாக, இந்த வறண்ட மேட்டுநிலத்தில் வழங்கியது என்பதே இதிலிருந்து உறுதியாகக் கொள்ளத்தக்கது. அது அப்போதே ஒரு சாதியின் பெயராக இருந்ததா, படைப்பிரிவின் பெயரா, மரபுப் பட்டமா என்பதை ஒற்றைச் சான்றைக் கொண்டு முடிவுகட்டுதல் முறையாகாது.

இரண்டாவது சான்று இருநூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. உள்ளடக்கத்திலும் மிகச் செறிவானது. மூன்றாம் குலோத்துங்கனின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1218-ஐ ஒட்டி, அதே ஊட்டத்தூரில் இடங்கைத் தொண்ணூற்றெட்டுப் பிரிவினர் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இடங்கை, வலங்கை என்பன இடைக்காலத் தமிழகத்தில் உழவு, வணிகம், கைத்தொழில், படைத்தொழில் சார்ந்த பல குடிகளைத் தம்முள் அடக்கிய இரு பெருங்கூட்டணிகள் ஆகும்; தொண்ணூற்றெட்டு என்பதை எண்ணிக் கண்ட தொகையாகக் கொள்ளாமல் மரபெண்ணாகக் கொள்வதே பொருந்தும், ஏனெனில் வலங்கையும் தனக்கு அதே எண்ணைக் கூறிக்கொண்டது. காசியப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினிக் குண்டத்திலிருந்து தோன்றியவர்கள் தாங்கள் என்றும், அரிந்தமன் என்னும் பேரரசன் வேள்வி அந்தணர்களைத் தேரில் ஏற்றிக் கொணர்ந்தபோது அவர்களின் செருப்பும் குடையும் சுமந்து உடன்வந்து திருவெள்ளறை, திருப்பிடவூர் முதலிய ஊர்களில் குடியமர்ந்தவர்கள் என்றும், அந்தணர்கள் தேரிலிருந்து இறங்கியபோது இடப்புறம் நின்று தாங்கியதால் இடங்கை என்ற பெயர் பெற்றதாகவும் அவர்கள் உரைக்கின்றனர்.

இத்தோற்றக் கதையை வரலாறாகக் கொள்ள இடமில்லை. அக்கினியில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குடிகள் இந்தியாவெங்கும் உண்டு. ஆனால் அக்கதையை அடுத்து வரும் செய்தி வேறு தரத்தது. தம் முன்னோர் காட்டிலும் புதரிலும் தங்கள் சின்னங்களையும் உரிமைச் சான்றுகளையும் இழந்துவிட்டதால் தங்கள் தோற்றத்தைத் தாமே அறியாதிருந்ததாகவும், இப்போது அறிந்துகொண்டதால் இனி ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள்போல் நன்மை தீமைகளில் ஒன்றுபட்டு நிற்பதாகவும் அவர்கள் அறிவிக்கின்றனர். பொது இடங்களில் தம்மை அடையாளம் காட்டும் கொம்பு, சங்கு, குடை, இறகு ஆகிய சின்னங்கள் வரையறுக்கப்படுகின்றன. அவ்வொழுங்கை மீறுவோர் சுருதிமான்களாகக் கருதப்படார், எதிர்த்தரப்பாரின் அடிமைகளாகவே கொள்ளப்படுவர் என்று கல்வெட்டு முடிகிறது. தான் மறக்கப்பட்டிருந்ததை ஒரு குடி தானே ஒப்புக்கொண்டு, அம்மறதியை ஒரே கூட்டத்தில் தீர்த்துக்கொள்ளும் இத்தகைய ஆவணம் அரிதானது. 11ஆம் நூற்றாண்டில் ஒரு வீரனின் பெயரோடு நின்ற சொல் இங்கே ஒரு கூட்டத்தின் உறுப்புரிமையைக் குறிக்கும் சொல்லாக விரிந்துவிட்டது என்பதே ஆய்வாளர் கருத வேண்டிய மாற்றம்.

இம்மாற்றத்தின் காரணத்தை நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். காவிரிப் பாசனப் பகுதிக்கு வெளியே மலையடிவாரத்திலும் மேட்டுநிலத்திலும் வாழ்ந்த சுருதிமான், மலையமான், நத்தமான், பள்ளி முதலிய குடிகள் சோழப் படையில் பணியாற்றி, நிலவுரிமையும் ஊர்ச்செல்வாக்கும் பெற்று, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பழைய நிலவுடைமையாளரான பிராமணருக்கும் வெள்ளாளருக்கும் எதிரே தனித் தரப்பாகத் திரண்டன என்பது அவர்களுடைய விளக்கத்தின் சாரம். இடங்கை, வலங்கைப் பெயர்கள் படையோடு கொண்ட தொடர்புக்கு வெளிச்சான்றும் உண்டு. இலங்கையின் பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அவ்விரு பெயர்களையும் குறிப்பிடுகிறது. காட்டில் சின்னங்களை இழந்தோம் என்ற ஊட்டத்தூர்க் கூற்றை இப்பின்னணியில் படித்தால், புதிதாக மேலெழுந்த ஒரு குடி, தனக்கு ஒரு பழமை தேவைப்பட்ட வேளையில், அப்பழமைக்கும் தன் நிகழ்காலத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை விளக்கிய முறையாகவே அது புலப்படுகிறது.

அடுத்த வெளிச்சம் விசயநகரக் காலத்தில் விழுகிறது. இரண்டாம் தேவராயர் ஆட்சியில், 1429-இல், விருத்தாசலம், பெண்ணாகடம், கொருக்கை, திருவைகாவூர், வெள்ளாற்றங்கரையில் பெரம்பலூர்ப் பகுதியைச் சேர்ந்த ஆடுதுறை ஆகிய ஊர்களில் வலங்கையும் இடங்கையும் இணைந்து நின்று கல்வெட்டுகளைப் பொறித்தன. இராசகரத்தார் எனப்பட்ட அரசு அலுவலரும், படைப்பணிக்கு ஈடாக நிலவருவாய் பெற்ற சீவிதக்காரரும் முறையற்ற வரிகளைத் தண்டியபோது, காணியாளர், அதாவது நிலத்தில் வழிவழி உரிமை உடையோர், அவர்களுக்குத் துணைபோகக் கூடாது என்றும், இன்ன விளைச்சலுக்கு இன்ன வரியே செலுத்தப்படும் என்றும் அவை முடிவுசெய்தன. கூட்டணி வலுப்பெற்ற இத்தருணத்தில் அதன் உறுப்புக் குடிகள் கூட்டணியின் பெயருக்குள் அடங்கிப்போனது இயல்பே. எண்ணிக்கை வலிமையே ஆயுதமாகும்போது தனிப்பெயருக்குத் தேவை குறைகிறது.

பாளையக்காரர் காலம் இவ்வாய்வுக்குத் தருவது குறைவு. அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைச் சுற்றி எழுந்த ஆவணங்கள் தலைவர்களையும் திறைகளையும் பேசுகின்றன. இடங்கை, வலங்கை மோதல்களின் களமும் நகரங்களுக்கு மாறியது. 1707-இல் சென்னையில் நிகழ்ந்த புகழ்பெற்ற பூசலின் முன்னணியில் நின்றோர் வணிகர்களே. மேட்டுநில உழுகுடிகள் அவ்வழக்குகளின் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

இப்பெயரை மீண்டும் எழுத்துக்குக் கொண்டுவந்தது ஆங்கிலேயரின் கணக்கெடுப்பு. 1871 முதல் பத்தாண்டுக்கொருமுறை நடந்த குடிமதிப்புகளும், எப். ஆர். ஹெமிங்வே 1907-இல் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலும் இதற்கு முதன்மைச் சான்றுகள். இவற்றில் இக்குடி சுதர்மான் என்று உருத்திரிந்த வடிவில் காணப்படுகிறது. நத்தமான், மலையமான் ஆகியோரோடு சேர்த்து உடையான் என்ற பெருந்தலைப்பின் கீழ் வைக்கப்படுகிறது. கணக்கெடுப்பாளர்க்கு வேண்டியிருந்தது கூட்டிச் சேர்க்கத்தக்க தலைப்பு. குடிகளுக்கு வேண்டியிருந்தது மதிப்பான பட்டம். இரண்டு தேவைகளும் உடையான் என்ற சொல்லில் சந்தித்தன. பழைய கல்வெட்டில் தனித்து நின்ற பெயரை இவ்வறிக்கைகளின் பொருளடக்கத்தில் மட்டும் தேடுவோர் அக்குடி அழிந்துவிட்டதாகவே எண்ண நேரும்.

1218-இல் ஊட்டத்தூரில் கூடியவர்களின் நேரடி வழித்தோன்றல்களே இன்று இப்பெயரைக் கொண்டோர் என்று கூறுவதற்குக் குருதிவழிச் சான்று எதுவுமில்லை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். தொடர்ச்சி காட்டத்தக்கது பெயருக்கும், அது வழங்கிய நிலப்பரப்புக்கும், அதனோடு சேர்ந்தே வரும் மலையமான், நத்தமான் என்ற துணைப்பெயர்களுக்கும்தான். சாதி வரலாறுகள் பல இவ்வேறுபாட்டைத் தாண்டிச் சென்று, கல்வெட்டு வரியை நேராகக் குடும்பப் பெருமையாக்கிவிடுகின்றன. கல்வெட்டியலாளர் சிலர் மறுபுறம் சென்று, இன்றைய பெயர் வழக்கைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். இரண்டாவது பிழையே இப்பகுதியைப் பொறுத்தவரை அதிக இழப்பைத் தந்துள்ளது எனலாம்.

தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இன்று உள்ள தலைப்பு பார்க்கவகுலம் என்பதாகும். சுருதிமார், நத்தமார், மலையமார் ஆகிய மூன்றும் அதன் அடைப்புக்குறிக்குள் உட்பிரிவுகளாக இடம்பெறுகின்றன. பட்டப்பெயர்களாக வழங்கிய மூப்பனார், நயினார் என்பனவும் அதே வரிசையில் தனிக் குடிகள்போல் அமைந்துள்ளன.