ஊசிக்கு முன் ஒரு பட்டியல்

இந்தியாவில் முதன்முதலாகப் பெரியம்மைத் தடுப்பூசி குத்தப்பட்டது 1802 ஜூன் 14 அன்று, மும்பையில், ஆனா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு. அதற்கான மருந்தான அம்மைப்பால் பாக்தாத்திலிருந்து பாஸ்ரா வழியாகக் கப்பலில் வந்தது. குளிர்பதன வசதி எதுவும் இல்லாத காலம் அது. நம் ஊர் வெயிலில் மருந்து சீக்கிரமே வீரியம் இழந்துவிடும் என்பதால், குத்தப்பட்ட குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்தே அடுத்த குழந்தைக்கான மருந்தை எடுத்தார்கள். எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் பக்குவப்படும். அன்றைக்கு அந்தக் குழந்தையும் புதிதாகக் குத்திக்கொள்ள வேண்டிய குழந்தையும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். ஒரு வீட்டார் வராமல் போனால் சங்கிலி அறுந்துவிடும். ஊருக்கே மருந்து இல்லாமல் போகும். அடுத்த ஆண்டு நவம்பரில் ஸ்பெயினிலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவர் 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கக் கண்டம் போனபோதும் இதே முறைதான். இரண்டிரண்டு பேராக முறைவைத்துக் குத்திக் கடலைக் கடந்தார்கள். இவை அறிவியல் சாதனைகள் என்று மட்டுமே பேசப்படுகின்றன. யாருக்கு எந்த நாளில் என்று குறித்துவைத்துத் தவறாமல் அழைத்து வந்தவர்களின் சாதனையும் இவற்றில் உண்டு. பெயரும் தேதியும் கொண்ட அந்தப் பட்டியல் இல்லாமல் அன்று தடுப்பூசி ஊரைச் சேர்ந்திருக்காது. கிளவுட் கணினியில் ஊசிக்கு நேரம் ஒதுக்கும் நம் காலத்துக்கும் இது பொருந்தும்.

1899இல் கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிறுவனம் கன்றின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தது. மருந்துக்குக் குழந்தையின் கையை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியதும், எட்டாம் நாள் கட்டாயமும் தளர்ந்தது. அதற்கு முன்பே, 1880இன் தடுப்பூசிச் சட்டம் குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து நெடுங்காலம் நம் நாட்டின் தடுப்பூசிப் பதிவேடு குழந்தைகளையும், பின்னர் கர்ப்பிணிகளையும் எண்ணியது. ஊசி போடும் கைகளை அது எண்ணவில்லை. மருத்துவமனையில் வேலை செய்பவருக்கும் தடுப்பூசி அட்டவணை வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வந்த பிறகுதான்.

அந்தத் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1981இல் அனுமதி கிடைத்தது. ஹெபடைடிஸ் பி தொற்றுள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி கை தவறிப் பணியாளர் மேல் குத்திவிட்டால், அவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், 100 பேரில் 6 முதல் 30 பேருக்கு வைரஸ் தொற்றலாம். இத்தனை ஆபத்துக்கு எதிராக மூன்று தவணை போதும்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. சிக்கல் அந்த மூன்றாம் தவணையில் இருக்கிறது. ஆறு மாதத்தில் செவிலியர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிடுவார். பயிற்சி மருத்துவர் படிப்பை முடித்துப் போய்விடுவார். துப்புரவு ஒப்பந்தம் கைமாறி, புதிய ஒப்பந்ததாரர் புதிய ஆட்களைக் கொண்டுவருவார். 1991இல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி, ரத்தத்தோடு புழங்கும் வேலைக்கு ஒருவர் வந்த 10 வேலைநாளுக்குள் இந்த ஊசியை இலவசமாகத் தர வேண்டும், வேண்டாம் என்பவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றது. ஆள் வேலைக்கு வரும் நாளோடு ஊசியைக் கட்டிவைத்ததுதான் அந்த விதியின் அறிவு. இங்கே 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்து விலையைக் குறைத்தது. மருத்துவக் கழிவுகளைக் கையாளும் எல்லாப் பணியாளருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயமாக்கின. மருந்தும் கிடைத்தது, விதியும் வந்தது. ஆனாலும் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் மூன்று தவணையும் முடித்தவர்களில் மருத்துவர்கள் முன்னே நிற்க, கழிவுப் பையைத் தூக்கும் தொழிலாளர் பின்தங்கியே இருக்கிறார். அவர் பெயர் மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் இல்லை. ஒப்பந்ததாரரின் கணக்கில் இருக்கிறது. காரணங்களில் இதையே நான் முதலில் வைப்பேன்.

கணினி வந்தால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் 2020 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். கோவிட் தடுப்பூசியின் முதல் 5,000 தவணைகளை ஊழியரில் யாருக்குத் தருவது என்பதை ஒரு கணக்கீட்டு முறையிடம் விட்டார்கள். வயது, பணியிடம் போன்றவற்றுக்கு அது மதிப்பெண் போட்டது. நோயாளிகளின் படுக்கையருகே நின்ற 1,300க்கும் மேற்பட்ட ரெசிடென்ட் மருத்துவர்களில் 7 பேர் மட்டுமே தேர்வானார்கள். அவர்கள் இளையவர்கள், துறைக்குத் துறை மாறி வேலை செய்பவர்கள். ஆகவே குறிப்பிட்ட பணியிடம் என்ற கட்டம் அவர்களுக்கு நிரப்பப்படவில்லை. அவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே போராட்டம் நடத்திய பிறகு நிர்வாகம் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தை மாற்றியது. நிர்வாகத்தின் ஏடுகளில் ஏற்கெனவே யார் தெளிவாகப் பதிவாகியிருந்தாரோ அவர் முன்னால் வந்தார், மங்கலாகப் பதிவானவர் விடுபட்டார். யாரும் வேண்டுமென்று ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை.

சில வாரங்களில் இந்தியா பல மடங்கு பெரிய அளவில் இதே வேலையில் இறங்கியது. தடுப்பூசி இருப்பையும் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையையும் கண்காணிக்க 2015இலிருந்து இயங்கிவந்த இ-வின் என்ற வலையமைப்பின் நீட்சியாக, கோவிட் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் செயலி உருவானது. ஏறத்தாழ 1 கோடி மருத்துவப் பணியாளருக்கும் 2 கோடி முன்களப் பணியாளருக்கும் முதலில் போடுவது திட்டம். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எல்லாம் தங்கள் ஊழியர் பட்டியலை முன்கூட்டியே அதில் ஏற்றின. மருத்துவப் பணியாளர் என்ற சொல்லுக்குள் துப்புரவு, காவல், எழுத்தர் வேலை செய்பவர்களையும் வழிகாட்டு நெறிகள் சேர்த்தன. இது பெரிய மனமாற்றம். 2021 ஜனவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசியைப் பெற்றவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அன்று 3,006 மையங்களில், மையத்துக்கு 100 பேர் வீதம் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்குப் போட நினைத்தார்கள். 2 லட்சம் பேர் அளவில்தான் போட்டுக்கொண்டார்கள். மகாராஷ்டிரம் போன்ற இடங்களில் செயலி தடுமாறியதால் காகிதப் பட்டியலை வைத்துச் சமாளித்தார்கள்.

வராதவர்கள் பயத்தால் வரவில்லை, இதற்கும் பட்டியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பயம் இருந்தது உண்மை. கோவாக்சின் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு அப்போது வெளிவரவில்லை, மருத்துவர்களே தயங்கினார்கள். ஆனால் தயங்கியவரின் இடத்தில் தயாராக நிற்கும் இன்னொருவரைச் சேர்க்கத் தொடக்கத்தில் செயலி இடம் தரவில்லை. கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பியில் 10 தவணை உண்டு. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 6 பேர் வந்தால் மீதி வீண். சில நாட்களில் செயலியைத் திருத்தி, பதிவான வேறு பணியாளரை அங்கேயே சேர்க்கலாம் என்று வைத்தார்கள். ஒரே இடத்தில் செய்த திருத்தம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இந்த வகையில் கிளவுட் முறைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

கோவின் இல்லாமலே பெரியம்மையை 1975இலும் போலியோவை 2011இலும் விரட்டினோமே என்பது இன்னொரு மறுப்பு. மதிக்கத்தக்க மறுப்புதான். ஆனால் போலியோ சொட்டு மருந்து நாளில் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தார்கள். விரலில் ஒரு மை அடையாளம், வீட்டுச் சுவரில் ஒரு குறி போதும். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தேதியில் இரண்டாம் தவணை என்று வரும்போது சுவர்க்குறி உதவாது. கோவிஷீல்டின் இடைவெளி முதலில் 28 நாளாக இருந்தது. 2021 மார்ச்சில் 6 முதல் 8 வாரமாகவும், மே 13இல் 12 முதல் 16 வாரமாகவும் மாறியது. கோடிக்கணக்கான காகித அட்டைகளில் இந்தத் தேதிகளை யாராலும் திருத்தியிருக்க முடியாது.

ஆனால் மையப் பட்டியல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதே ஆண்டின் ஏப்ரல் 3 சாட்சி. சில நாட்களில் மருத்துவப் பணியாளர் பட்டியல் 24 சதவீதம் வீங்கியிருப்பதைக் கண்ட சுகாதார அமைச்சகம், தகுதியில்லாதவர்களும் அதில் நுழைவதாகச் சொல்லிப் புதிய பதிவையே நிறுத்தியது. தகுதியில்லாதவர் வரிசையை முந்தியதும், அதைத் தடுக்கப் போட்ட பூட்டில் விடுபட்டிருந்த உண்மையான பணியாளரும் சேர்ந்து மாட்டிக்கொண்டதும் ஒரே கதையின் இரண்டு பாதிகள். மென்பொருளால் வீக்கத்தைக் காட்ட முடிந்தது. யார் உண்மையான பணியாளர் என்று சொல்ல மருத்துவமனையின் ஒரு மனிதர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் பதிவு திறந்தபோது தளம் முதலில் திணறியது, ஆனாலும் அன்றே 1 கோடியே 30 லட்சம் பேர் அளவில் பதிந்தார்கள். கிளவுட் தாங்கியது, மருந்துதான் இல்லை. கைப்பேசியும் இணையமும் இல்லாதவர் நிலை என்ன என்று உச்ச நீதிமன்றம் கேட்க வேண்டியும் வந்தது.

2023இல் தொடங்கிய யூ-வின், கோவினின் வழியில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தவணை தவறாமல் பின்தொடர்கிறது. அதாவது, ஹெபடைடிஸ் பி ஊசியின் மூன்றாம் தவணை நாளில் ஒருவரைக் குறுஞ்செய்தியில் அழைக்கவும், அவர் வேறு ஊருக்குப் போனாலும் அவரது கணக்கை அங்கே தொடரவும் தேவையான கருவி நம் கையில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளரோடு போகும் தடுப்பூசிக் கணக்கை மருத்துவமனைகள் இன்றே தொடங்கலாம். அதற்கு மருத்துவமனைத் தலைவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் கணினி தேவையில்லை: ஒப்பந்ததாரரிடம் தங்கள் வளாகத்தில் வேலை செய்யும் எல்லோருடைய பெயரையும், சேர்ந்த தேதியையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்தை எண்ணுங்கள். கழிவைக் கையாளுபவர்களுக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்று 2016இலிருந்தே விதி உங்களிடம் கேட்கிறது.