விருப்பாச்சிப் பாளையமும் 1800–1801 கிளர்ச்சியும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் சாலையில், பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள ஊர் விருப்பாச்சி. இன்று மலைவாழைக்குப் பேர்போன இவ்வூர், பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையத்தின் தலைமையிடம். 1800–1801இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகத் தென்னாட்டில் மூண்ட பெருங்கிளர்ச்சியின் திண்டுக்கல் அணியை வழிநடத்தியவர் இதன் பாளையக்காரரான கோபால் நாயக்கர். மணப்பாறை லட்சுமி நாயக்கரும் தேவதானப்பட்டி பூசாரி நாயக்கரும் அவருடன் நின்றனர்.

விருப்பாச்சி முன்பே அடைக்கலம் தந்த ஊர். 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை வேலு நாச்சியார், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கோபால் நாயக்கரின் பாதுகாப்பில் இப்பகுதியில் இருந்தே படை திரட்டினார். 1792இல் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது. 1799 மே மாதத்தில் திப்பு வீழ்ந்தார். அக்டோபரில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இனித் தனித்தனியாக நின்றால் பிழைக்க முடியாது என்பது பாளையக்காரர்களுக்குப் புரிந்தது.

1800இல் கிளர்ச்சித் தலைவர்கள் விருப்பாச்சியில் கூடி, கோயம்புத்தூரில் இருந்த கம்பெனியின் குதிரைப்படை முகாமைத் தாக்க முடிவெடுத்தனர். ஜூன் 3ஆம் தேதி நடந்த தாக்குதல் தோற்றது; பிடிபட்டவர்கள் பல ஊர்களில் தூக்கிலிடப்பட்டனர். வடக்கே அவர்கள் நம்பியிருந்த கிளர்ச்சித் தலைவர் துந்தாஜி வாக் செப்டம்பரில் கொல்லப்பட்டார். இருந்தும் கிளர்ச்சி ஓயவில்லை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்ப, போர் தெற்கே பரவியது. அதே ஆண்டில் கோபால் நாயக்கர் பிடிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல்லின் கோபால சமுத்திரக் குளத்தின் பெயரை மக்கள் அவரோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

இதை வெள்ளையருக்கும் இந்தியருக்கும் நடந்த சண்டை என்று மட்டும் எழுதினால் அதன் துயரத்தில் பாதி விட்டுப்போகும். கம்பெனிப் படையின் சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்நாட்டவரே. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரம் பாளையக்காரரும் கம்பெனிக்கு ஆளும் பொருளும் கொடுத்தனர். 1801 ஜூன் 16ஆம் தேதி சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் பெயரால் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கையே இதற்குச் சான்று. சுபேதார், அவில்தார், நாயக், சிப்பாய் என்று கம்பெனிப் படையின் பதவிகளையே சொல்லி, ஆயுதம் தாங்கிய அவர்கள் தங்கள் வீரத்தை வெள்ளையருக்கு எதிராகக் காட்ட வேண்டும் என்று அது கேட்கிறது. எதிர்வரிசையில் நிற்பவன் தம்மவன் என்பதை எழுதியவர் மறக்கவில்லை. அந்த அழைப்புக்குச் சிப்பாய்கள் பெருமளவில் செவிசாய்த்திருந்தால் போரின் போக்கே வேறாகியிருக்கும்.

அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களின் காளையார்கோவில் வீழ்ந்தபின் பழனி மலைப்பக்கம் வந்த ஊமைத்துரை பிடிபட்டு, நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டார். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் இளவயது மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

உயிர் தப்பிய எளிய வீரர்களின் கதை அதிகம் எழுதப்படவில்லை. உண்மையில் அதுவே நீண்டது. பாளைய வீரன் மாதச் சம்பளக்காரன் அல்லன். படைக்குப் போவதற்கும் ஊர்க்காவல் பார்ப்பதற்கும் ஈடாக நிலமோ விளைச்சலில் பங்கோ பெற்றவன். 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை விதித்தார். வேலும் ஈட்டியும் பறிபோயின, கோட்டைகள் இடிக்கப்பட்டன, காவல் முறை ஒழிக்கப்பட்டது. பல பாளையங்கள் 1803 முதல் வரி கட்டும் ஜமீன்களாயின. தலைவனுக்கு ஜமீன்தார் என்ற புது வேடமாவது கிடைத்தது, வீரனுக்கு எதுவும் இல்லை. பிழைப்புக்கு வழியற்றவர்களில் சிலர் தாங்கள் எதிர்த்த கம்பெனியின் படையிலேயே சேர்ந்தனர். 1806 வேலூர்ப் புரட்சியில் அவர்களின் பங்கை வரலாற்றாசிரியர்கள் சுட்டுகின்றனர்.

விருப்பாச்சி அடிவாரத்தில் இருக்கும் இதே பழனி மலையின் மேலுள்ள கொடைக்கானலின் கதையை அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கட்டிய முதல் வீடுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். 1821இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி இம்மலையை அளக்க ஏறியபோது, அடிவாரத்துப் பாளையம் அடங்கி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன.