சாரஸ் கொக்கு: வயலை நம்பிப் பிழைத்த ஆறடிப் பறவை

பறக்கக்கூடிய பறவைகளிலேயே மிக உயரமானது எது என்று கேட்டால் பலரும் பூநாரை என்பார்கள். சரியான பதில் சாரஸ் கொக்கு. நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய ஆறடி. சிறகை விரித்தால் எட்டடி! சாம்பல் நிற உடல், ரத்தச் சிவப்பில் தலையும் மேல் கழுத்தும், நீண்ட வெளிர்சிவப்புக் கால்கள். நம்மூரில் மாட்டுக்குப் பின்னால் நடக்கும் வெள்ளைக் கொக்குக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. தமிழில் இரண்டையும் 'கொக்கு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். வெள்ளைக் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். சாரஸ் கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும்.

இந்தப் பறவையைப் பற்றி முதலில் விரிவாக எழுதி வைத்தவர் விஞ்ஞானி அல்ல, ஒரு பேரரசர். 1605 முதல் 1627 வரை ஆண்ட முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஒரு சாரஸ் ஜோடியை வளர்த்தார். லைலா, மஜ்னூன் என்று பெயரும் வைத்தார். முட்டைகள் இரண்டு, இடைவெளி 48 மணி நேரம், அடைகாத்தது 34 நாட்கள் என்று கணக்குப்பிள்ளை போலக் குறித்திருக்கிறார். இரவில் பெண் அடைகாக்க ஆண் காவல் நிற்கும், காலையில் ஆள் மாறும் என்பதும் அவர் நினைவுக் குறிப்பில் இருக்கிறது. ஐரோப்பாவில் லின்னேயஸ் 1758இல் இதற்கு 'ஆர்டியா ஆன்டிகோனே' என்று அறிவியல் பெயர் சூட்டி நாரை இனத்தில் சேர்த்தார். பேரரசரின் குறிப்பு அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

சாரஸ் ஜோடி பிரியாது, துணை இறந்தால் மற்றதும் உயிரை விடும் என்பது வட இந்திய நம்பிக்கை. வால்மீகியின் கண்முன் வேடன் வீழ்த்திய கிரவுஞ்சப் பறவை சாரஸ்தான் என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையில் துணையை இழந்த சாரஸ் மறுபடி ஜோடி சேர்வதுண்டு. மூன்று பறவைகள் சேர்ந்து ஒரே குடும்பமாக வாழ்வதையும் ஆய்வாளர்கள் அண்மையில் பதிவு செய்திருக்கிறார்கள்! ஆனால் நம்பிக்கை பொய்யானாலும் அதனால் விளைந்த நன்மை பொய்யல்ல. ஜோடியைப் பிரிப்பது பாவம் என்று உழவர்கள் நினைத்ததால்தான் ஊர் நடுவே, ஆள் நடமாட்டத்துக்கு அருகிலேயே இவ்வளவு பெரிய பறவை பிழைத்தது.

இதன் அருமை தென்கிழக்கு ஆசியாவைப் பார்த்தால் புரியும். பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் 1960களின் இறுதிக்குள் சாரஸ் காணாமல் போனது. வியட்நாமின் மீகாங் சமவெளியில் போர்க்காலத்தில் கால்வாய்கள் வெட்டிச் சதுப்பு நிலத்தை வடித்ததால் அங்கும் மறைந்தது. போருக்குப் பின் உள்ளூர் மக்கள் கரை கட்டித் தண்ணீரைத் தேக்க, 1980களில் கொக்குகள் திரும்பி வந்தன. 1998இல் அந்த இடம் திராம் சிம் தேசியப் பூங்கா ஆனது. அப்புறம்தான் விபரீதம். காட்டுத்தீக்குப் பயந்து ஆண்டு முழுவதும் தண்ணீரை உயர்த்தியே வைத்தார்கள். சாரஸ் தோண்டித் தின்னும் கோரைக்கிழங்கு வளர வேண்டுமானால் கோடையில் நிலம் காய வேண்டும். கிழங்கு குறைந்தது, கொக்கும் குறைந்தது. சில ஆண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை. தாய்லாந்தோ 2011 முதல் புரிராம் மாகாணத்தில் வளர்ப்புக் கொக்குகளைத் திறந்துவிட்டு வருகிறது. அவை கூடு கட்டிய இடங்களில் நெல் வயல்களும் உண்டு.

உத்தரப்பிரதேசத்தின் கதையும் நெல் வயல் கதைதான். சாரஸ் அந்த மாநிலப் பறவை. 2020களின் அரசுக் கணக்கெடுப்புகளில் அங்கே மட்டும் 17,000க்கும் அதிகமான கொக்குகள் இருந்தன. பெரும்பாலானவை வாழ்வது சரணாலயத்தில் அல்ல. எட்டாவா, மைன்புரி போன்ற மாவட்டங்களின் வயல்களிலும், வயல்களுக்கு நடுவே கிடக்கும் சிறு குட்டைகளிலும்தான். மழைக்காலத்தில் நாணலையும் புல்லையும் குவித்துத் தண்ணீர் நடுவே மேடு போல ஒரு கூடு. சில சதுர அடி நெல் பாழாகும். அந்த நஷ்டத்தை உழவர் யார் கணக்கிலும் எழுதுவதில்லை. குஞ்சு பறக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை அது அந்த வயலையும் குட்டையையும் சுற்றியேதான் திரியும்.

வயல் எப்போதும் தாய்வீடு என்றும் சொல்லிவிட முடியாது. 1980களின் இறுதியில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் சாரஸ்கள் செத்து விழுந்தன. பூங்காவைச் சுற்றியிருந்த வயல்களில் போட்ட ஆல்ட்ரின் பூச்சிமருந்துதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. ஆல்ட்ரின் பின்னர் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மின்கம்பி இன்னொரு எமன். எட்டடிச் சிறகோடு தாழ்வாகப் பறக்கும் பறவை கம்பியில் மோதினால் தப்புவது கடினம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் நடக்கிறது. கிராமத்துச் சிறு குட்டைகள் பல, அரசு ஆவணங்களில் வெறும் தரிசு நிலம். தரிசு என்றால் மண்ணடித்து மேடாக்கலாம், வீடு கட்டலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அப்படி ஒரு குட்டை மூடப்பட்டால், பல ஆண்டுகளாக அதையே தன் எல்லையாக வைத்திருந்த ஜோடி பக்கத்துக் குட்டைக்குப் போய்விடவும் முடியாது. அங்கே ஏற்கெனவே வேறொரு ஜோடி காவல் நிற்கும்.