எல்லைக் குன்றுகளின் துப்பாக்கி: பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் பன்றிக் காவலின் வரலாறு

கேரள–தமிழ்நாடு எல்லையிலுள்ள பாறசாலையிலிருந்து கிழக்கே வெள்ளறடை, அம்பூரி என்று மலையோரம் போகப் போக நிலம் மேடும் ஓடையுமாக மாறும். ரப்பர் விளைகளை ஒட்டியே மரச்சீனியும் வாழையும் நிற்கின்றன. காட்டுப்பன்றி இறங்குவது இரவில். புதர் மறைப்பதால் அது கண்ணில் படும்போது இருபது, முப்பது மீட்டர் தொலைவில் நிற்கும். இப்படிப்பட்ட நிலத்துக்கு எடை குறைந்த, தோளில் உதை குறைந்த, கிட்டத்தில் உறுதியாகச் சுடும் துப்பாக்கி வேண்டும் என்பதை எந்த வேட்டைக்காரரும் சொல்வார். ஆனால் இவ்வூர்களில் ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் வேட்டைக்காரரின் தோள் அல்ல, உரிமச் சட்டம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலையில் வாழ்ந்த காணிக்காரர் வில்லும் அம்பும் பொறியும் கொண்டு வேட்டையாடினர். நாட்டில் வெடிமருந்து அரண்மனையின் பொருளாக இருந்தது. 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரரை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாயைத் தன் படையிலேயே அமர்த்தினார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை எழுந்தது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் திருவிதாங்கூரின் நாயர் படைகள் பெருமளவு கலைக்கப்பட்டன. ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பது அதற்குப் பிறகு அரசின் கவலையாகவே நீடித்தது. விவசாயியின் கவலை வேறு. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த மரச்சீனி ஏழைகளின் சோறாயிற்று, பன்றிக்கும் அதே கிழங்கு இரையாயிற்று. அரிசிப் பஞ்சத்தைத் தாங்க வந்த பயிரே காவலை இன்றியமையாததாக்கியது என்பதை நம் வேளாண் வரலாறு இன்னும் போதிய அளவு பேசவில்லை.

காவலுக்கு வந்தது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ திணித்து, ஈயம் இட்டு, மறுபடி இடிக்க வேண்டும். ஒரு வெடிக்குப் பின் அடுத்ததற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அடிபட்ட பன்றி திரும்பினால் அந்த அரை நிமிடம் கிடைக்காது. மழைக்காலத்தில் மருந்து நமத்துப் போகும். அப்படியிருந்தும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கு இதையே இயல்பான ஆயுதமாக வைத்தது. அதன் 13ஆம் பிரிவின்படி பயிர்க் காவலுக்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கி, தற்காப்புக்கும் விளையாட்டு வேட்டைக்கும் இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய வரியில்லாத் துப்பாக்கி, அதாவது குழலின் உட்புறம் சுழல்வரி வெட்டாதது. வாய்வழித் துப்பாக்கி போதாது என்று உரிமம் தரும் அதிகாரி ஏற்றால்தான் விவசாயிக்கு இரண்டாவது கிடைக்கும். இலேசான .22 ரைபிளுக்கு அதே பிரிவு காட்டும் வழி, அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் சங்க உறுப்பினரின் குறிப்பயிற்சி. உதை மிகக் குறைந்த அந்தக் குண்டு பன்றிக்குப் போதாது என்பதால் அதில் இழப்பு பெரிதில்லை.

வரியிட்ட குழலில் இந்திய வேட்டைக்காரர் அறிந்தது இஷாப்பூர் தொழிற்சாலையின் .315. இராணுவத்தின் .303 குண்டு குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால் இந்த அளவு இங்கே நிலைத்தது. இதன் எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. என் மதிப்பீட்டில் இந்த எல்லை ஊர்களுக்கு அது பொருந்தாது. குறி தப்பிய ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும், திருவனந்தபுரம் மாவட்டத்திலோ விளைக்கு விளை வீடு நிற்கிறது. வரியில்லாக் குழலின் பெரிய சன்னங்கள் சில நூறு மீட்டரில் வலுவிழந்து விழும். சட்டம் வேறு நோக்கத்தில் போட்ட வேலி இந்த ஒரு விஷயத்தில் நிலத்துக்கு ஒத்துவந்திருக்கிறது.

அதனால் பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழலே நிலைத்தது. அதன் குழல்வாய் 18.5 மில்லிமீட்டர். ஏறத்தாழ 32 கிராம் ஈயத்தை விநாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் தள்ளும்போது, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட துப்பாக்கி தோளில் அறைகிறது. சரிவில் கால் நிலைக்காமல், ஒரு கையில் விளக்குடன் நிற்பவருக்கு இரண்டாவது குண்டு தவறுவது பெரும்பாலும் இந்த உதையால்தான். எடையை மட்டும் குறைத்தால் உதை கூடும், ஈயமும் குறைய வேண்டும். இருபது போர் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. அதன் குழல்வாய் 15.6 மில்லிமீட்டர், ஈயம் பொதுவாக 24 முதல் 28 கிராம், துப்பாக்கியும் இலேசு. முப்பது மீட்டருக்குள் பன்றிக்குத் தகுந்த தோட்டாவைத் தேர்ந்தால் இழப்பது சொற்பம். சட்டம் சொல்லும் குழல் நீளத்துக்குள்ளும் அது அடங்கும். இந்திய உரிமதாரர் கையில் அது அரிதாகவே தென்படுவது வருத்தத்துக்குரியது.

துப்பாக்கி இருந்தும் பன்றியைச் சுட முடியாத காலம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது. பயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல 11ஆம் பிரிவின் கீழ் அனுமதி தேவைப்பட்டது. இதைவிட இவ்வூர்களைத் தொட்டது 34ஆம் பிரிவு. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்க தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். 1958இல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு சரணாலயத்தின் பரப்பு 128 சதுர கிலோமீட்டர். அதன் அடிவாரத்தில்தான் அம்பூரி இருக்கிறது. பன்றி அதிகம் இறங்கும் ஊரிலேயே புதிய துப்பாக்கி கிடைப்பது கடினம்.

2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கி, உரிமதாரர்களைக் கொண்டு பன்றியைச் சுட வழிசெய்தது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவை விலக்கப்பட்டன. அதிகாரம் ஊராட்சிக்கு வந்தது, ஆயுதம் வரவில்லை. ஊராட்சி உரிமதாரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம்.

1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே ஆட்சியில் இருந்தன. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் விளவங்கோட்டின் பத்துகாணி, ஆறுகாணிப் பக்கம் நடைமுறை வேறு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். எல்லைக்கு இந்தப் பக்கம் ஊராட்சி தேடும் தனியார் துப்பாக்கி, அந்தப் பக்கம் அரசுத் துப்பாக்கி. ஒரே இரவில் ஒரே பன்றி இரண்டு விளைகளிலும் மேய்கிறது. இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசினால் முதலில் எடுக்க வேண்டியது 34ஆம் பிரிவு இசைவை விரைவாக்குவதும், பயிர்க் காவல் உரிமத்தில் இருபது போரை வெளிப்படையாகச் சேர்ப்பதும்தான்.