வடக்கு வீதியும் ஒற்றைப் பாட்டு இணையும்: ‘என்ஜாய் எஞ்சாமி’யின் உரிமைப் பிணக்கு பற்றிய ஒரு மறுவாசிப்பு

1. நாலந்தா வழி

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி ஏ9 வீதியில் இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் நாலந்தா. வெளியூர்க்காரர் அங்கே இறங்குவது பெரும்பாலும் கெடிகேயைப் பார்க்கத்தான். கி.பி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்ததாகக் கணிக்கப்படும் அந்தக் கற்றளி, பல்லவர் பாணியில் அமைந்த பௌத்த வழிபாட்டிடம். மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடக் கூடாது என்று அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் நிறுத்தினார்கள்.

வடக்கே போகும் அந்த வீதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிவந்த கூலிகள் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து புறப்பட்டு, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து ஏறக்குறைய 150 மைல் நடந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று அந்த வழி நீண்டது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலை மலையக மக்கள் இன்றும் அந்த நடையோடு சேர்த்தே நினைக்கிறார்கள். 1880இல் ரயில் மாத்தளைக்கு வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் ரயிலும் இணைந்தபின், நடந்து வந்த தலைமுறை நினைவாக மாறியது. 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு நிறைவை ஒட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் இதே வழித்தடத்தில்தான் நடந்தது.

அந்த நடைபயணத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, சென்னையில் உருவான ஒரு பாட்டு இதே வரலாற்றின் ஒரு கிளையைப் பல கோடிக் காதுகளுக்குக் கொண்டுபோயிருந்தது. பாடியவர்கள் இருவர். அவர்கள் இணையாகப் பெற்ற பெருவெற்றி அந்த ஒன்றுதான். பாட்டு ஓங்கிய வேகத்திலேயே இணை கலைந்தது. அந்தக் கலைவை இருவருக்கிடையேயான மனவருத்தமாக மட்டும் படிப்பது போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். சந்தை கலைஞர் பெயர்களை வரிசைப்படுத்தும் முறையில், ஒப்பாரி போன்ற ஒரு கூட்டுக் கலைக்கு இடமே இல்லை. இணை உடைந்ததற்கான மூலகாரணம் அங்கே இருக்கிறது.

2. ஒரு பாட்டு, இரண்டு குரல்

‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் யூடியூப் தளத்தில் வெளியானது. சுயாதீனக் கலைஞர்களுக்கென ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட இசை நிறுவனம் அது. இசை சந்தோஷ் நாராயணன், பாடல்வரி அறிவு, காணொளி இயக்கம் அமித் கிருஷ்ணன். பாடியவர்களில் தீ, ‘ரௌடி பேபி’ வழியாக ஏற்கனவே வீடுதோறும் அறிமுகமான குரல். அறிவு அரக்கோணத்துக்காரர், பா. ரஞ்சித் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடியவர், ‘தெருக்குரல்’ தொகுப்பைத் தந்தவர். காணொளி 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகளைப் பெற்றது.

குழந்தைகள் ஆடிப் பாடும் பல்லவி, வண்ணம் கொட்டிய காட்சிகள், குயில் கூவுவதுபோன்ற இடையொலி. இவற்றை மட்டும் பார்த்தால் ஒரு பருவத்துப் புதுமைப் பாட்டு என்றே எண்ணத் தோன்றும். கூர்ந்து கேட்டால் அதற்குள் இரண்டு பேச்சுமுறைகள் மாறி மாறி வருவது தெரியும். தீயின் பகுதி தாலாட்டுக்கும் விளையாட்டுப் பாட்டுக்கும் நெருங்கியது. நீட்டி இழுக்கும் சுரங்களில் உயிரினங்களையும் மூதாதையரையும் ஒரே வரிசையில் வைத்து அழைக்கிறது. அறிவின் பகுதி ராப் வேகத்தில் ஓடுகிறது. நடுவில் பாட்டு திடீரென ஒப்பாரியாக இறங்குகிறது. அங்கே ஒரு பெண் பேசுகிறாள். மரம் வளர்த்ததையும் தோட்டம் போட்டதையும் சொல்கிறாள். தோட்டம் செழித்தது, அவள் தொண்டை மட்டும் நனையவில்லை என்கிறாள். பாட்டின் நடுத்தண்டு இந்த இடம். உழைத்த மண்ணில் உரிமை கிடைக்காதவள் தன்னைத்தானே இரங்கிப் பாடும் ஒப்பாரி அது. அதனால் நடனத்துக்குக் கூடியவர்களும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று கேட்க நேர்ந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து, பின்னர் தமிழகம் திரும்பியவர். அவர் கதையே பாட்டின் ஊற்று என்று அறிவு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காணொளியிலும் அவர் வருகிறார். வள்ளியம்மாளைப் போன்றோரின் திரும்பலுக்குப் பின்னால் நிற்பவை அரசுகளின் கையெழுத்துகள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. மனிதரை இப்படி எண்ணிப் பங்கிட்ட காலத்தின் துயரம் பேரனின் சொல் வழியே 2021இல் வெளியே வந்தது.

லயத்து வாசலிலும் கொழுந்து மலையிலும் இழவு வீட்டிலும் பாடப்பட்ட இத்தகைய பாட்டுகளை மலையகத்தில் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவருடைய தொகுப்பைப் புரட்டுவோருக்கு ஒன்று உடனே விளங்கும். அவற்றைக் கட்டியவர் யார் என்று கேட்டால் ஒரு தோட்டத்தையோ ஒரு சனத்தையோதான் காட்ட முடியும்.

3. இணை உடைந்த இடம்

பாட்டு வெளியானபோது தலைப்பில் தீயின் பெயர் முதலில், ‘ஃபீச்சரிங்’ என்ற இணைப்போடு அறிவின் பெயர் அடுத்து, தயாரிப்பாளராகச் சந்தோஷ் நாராயணன் அதற்கும் அடுத்து. இசைச் செயலிகள் கலைஞரை முதன்மையர், உடன்வருபவர் என்று இரண்டு அடுக்காகவே பதிவு செய்கின்றன. பாட்டை எழுதியவர் உடன்வருபவர் அடுக்கில் நின்றால், மறுகலவை, விளம்பரப் பலகை, அட்டைப்படம் என்று பாட்டு ஒவ்வொரு படி ஏறும்போதும் அவர் பெயர் உதிர்ந்துபோக வாய்ப்பு கூடுகிறது. நடந்ததும் அதுதான். டீஜே ஸ்னேக் செய்த மறுகலவையின் விளம்பரத்தில் அறிவு இல்லை என்ற குறை எழுந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றபோது, அறிவு மீண்டும் மறைக்கப்படுகிறார் என்று பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். சாதியின் பெயரால் காலங்காலமாக நடந்த மறைப்பின் தொடர்ச்சியாகப் பலர் அதைக் கண்டார்கள். அவர்கள் அப்படிக் கண்டதற்கு வரலாற்றில் வலுவான ஆதாரம் இருக்கிறது.

2022 ஜூலை 28 அன்று சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில் அவர், மெட்டும் சொல்லும் தன்னுடையவை, பாட்டில் இருப்பது நிலமற்ற தன் மூதாதையரின் வடு என்று எழுதினார். சந்தோஷ் நாராயணன் மறுமொழியில், இயற்கையைப் போற்றும் பாட்டு என்ற எண்ணம் தீயிடமிருந்து வந்தது, ஆக்கம் மூவரின் கூட்டுழைப்பு, உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றார். 2024 மார்ச்சில் அவரே, அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அறிவு தன் தனித் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டார்.

இரு கூற்றுகளையும் அருகருகே வைத்தால் அவை வேறுவேறு கேள்விகளுக்கு விடை சொல்வது புலப்படும். ஒருவர் பேசுவது பாட்டின் மூலத்தைப் பற்றி. மற்றவர் பேசுவது ஒலிப்பதிவின் ஆக்கத்தைப் பற்றி. மெட்டமைப்பு, ஒலிக்கோர்வை, தீயின் குரல் ஆகியவை இல்லாமல் அந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்காது. வள்ளியம்மாளின் வாழ்வும் அறிவின் சொல்லும் இல்லாமல் கொண்டுபோக ஒன்றுமே இருந்திருக்காது. பெயர்வரிசை இந்த இரண்டையும் ஒரே கோட்டில் நெருக்கியதால், ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுப்பதுபோல் ஆகிவிட்டது.

4. ‘ஒற்றை வெற்றி’ என்னும் கணக்கு

ஒரே பாட்டோடு முடிந்த இணைகள் உலக இசையில் புதிதல்ல. நெப்ராஸ்காவைச் சேர்ந்த சேகர், எவன்ஸ் இருவரும் 1969இல் ஒரே பாட்டால் ஆறு வாரம் அமெரிக்கத் தரவரிசையின் உச்சியில் இருந்தார்கள். பிறகு அந்தப் பக்கமே அவர்கள் பெயர் வரவில்லை. ‘மக்கரேனா’ பாடிய ஸ்பானிய இணை லோஸ் டெல் ரியோ 1960களிலிருந்தே மேடையேறியவர்கள். உலகம் அவர்கள் கணக்கில் எழுதியது 1996இன் ஒரு பாட்டை மட்டுமே, அதுவும் வேறொரு குழு செய்த மறுகலவையை. தரவரிசை எண்ணுவது விற்பனையை. கலைஞரின் வாழ்நாளோ பாட்டின் முன்வரலாறோ அதன் கணக்கில் ஏறுவதில்லை.

இலங்கையிலும் அதே 2021இல் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. 2020இல் சதீஷன் பாடி வெளியான ‘மெனிகே மகே ஹிதே’ சிங்களப் பாட்டை, மறு ஆண்டு மே மாதம் யொஹானி அவரோடு சேர்ந்து பாடினார். பாட்டு இந்தியா முழுக்கப் பரவி, 2022இல் ‘தேங்க் காட்’ இந்திப் படத்துக்கும் போயிற்று. யொஹானி நட்சத்திரமானார். முதலில் பாடியவரின் பெயரும், வரி எழுதிய டுலான், இசையமைத்த சமத் சங்கீத் ஆகியோரின் பெயர்களும் பின்னால் தங்கின. இனமும் மொழியும் வேறு, வரலாற்றுக் காயமும் வேறு. ஆனாலும் ஓர் இணையில் ஒரு முகம் மட்டும் மிஞ்சும் அதே போக்கு இரண்டிலும் தெரிகிறது.

5. சட்டத்தின் 24ஆம் பிரிவு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்தின் மூலம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைத்தொகையை உறுதி செய்தது. நாட்டார் கலைக்கு அதில் தனி இடம் இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் ஒரு படி முன்னே போகிறது. அதன் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது. அடையாளம் காணத்தக்க நாட்டார் கலையைப் பொதுமக்களுக்கு அளிக்கும்போது, அது எந்தச் சமூகத்திடமிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்று குறிப்பிட வேண்டும் என்கிறது.

இந்தப் பிரிவைச் சட்டநூலிலிருந்து இசைச் செயலிகளின் பெயர்வரிசைக்குக் கொண்டுவருவது பெரிய காரியமல்ல. கலைஞர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்பவற்றோடு ‘மூலம்’ என்று நான்காவதாக ஓர் இடம் ஒதுக்கினால் போதும். ‘என்ஜாய் எஞ்சாமி’யில் அந்த இடத்தில் வள்ளியம்மாளும் தோட்டத்து ஒப்பாரியும் நின்றிருந்தால், அறிவின் உரிமைக்குரல் ஒரு தனிமனிதரின் முறையீடாகச் சுருங்கியிருக்காது. சந்தோஷ் நாராயணனின் உழைப்பும் தீயின் குரலும் குறைந்தும் போயிருக்காது.

அதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய பணி ஒன்று உண்டு. மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் ஒப்பாரியும் காமன்கூத்துப் பாட்டும் அறிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டுகளைப் பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பதிந்த நாள் ஆகியவற்றோடு ஒலிப்பதிவு செய்து பொதுக் காப்பகத்தில் வைக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. 24ஆம் பிரிவு கேட்கும் ‘எந்தச் சமூகம், எந்த இடம்’ என்ற கேள்விக்கு, அடுத்த பாட்டு பெருவெற்றி பெறும்போது, அந்தப் பதிவுகளைக் கொண்டுதான் விடை சொல்ல முடியும்.